நாற்பது குதிரைக்குச் செய்த சக்கரம்

ஃபோர்டு மாடல் ஏ காரின் எஞ்சின் 40 குதிரைத்திறன். 1932இல் வந்த பிளாட்ஹெட் வி-8 எஞ்சினுக்கு 65. அந்த இரண்டு கார்களும் கம்பிச் சக்கரத்தில்தான் ஓடின. பின்னால் ஹாட் ராட், அதாவது பழைய கார் உடம்பில் பெரிய எஞ்சின் பூட்டிய வேகக் கார், கட்டியவர்கள் அதே உடம்புக்குள் 1955 செவ்ரோலெட்டின் 265 கன அங்குல வி-8ஐ இறக்கினார்கள். அதன் அடிப்படை வடிவமே 162 குதிரைத்திறன். எஞ்சின் நான்கு மடங்கானது, சக்கரம் மட்டும் பழையதாகவே இருந்தது. அதனால்தான் கம்பிச் சக்கரம் போட்ட ராட் ஒன்றைப் பார்த்ததும் விவரம் தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது தாங்குமா?"

தாங்கும். ஆனால் குதிரைத்திறனைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் தவறான இடத்தைப் பார்க்கிறார்கள். கம்பிச் சக்கரத்தைக் கொல்வது மூன்று: டயரின் பிடிமானம், சக்கரத்தின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பிரேக் டிரம், எண்பது தொண்ணூறு வருடத் துரு. எஞ்சின் இந்த வரிசையில் எங்கோ பின்னால் வருகிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கம்பிச் சக்கரம் என்றதும் நம் கண்ணில் வருவது சைக்கிள் சக்கரம். ரிம்மில் துளை, துளையில் நிப்பிள், நிப்பிளைத் திருகினால் கம்பி இறுகும், ஸ்போக்ஸ் சாவி இருந்தால் கடைக்காரர் அரை மணியில் பெண்டு எடுத்துவிடுவார். ஃபோர்டு 1928 முதல் 1935 வரை போட்ட சக்கரம் அந்த இனமே அல்ல. அதில் நிப்பிள் கிடையாது. பென்சில் பருமனுள்ள கம்பிகள் ஒரு முனையில் ரிம்மோடும் மறுமுனையில் நடுக் கிண்ணத்தோடும் மின்வெல்டு செய்யப்பட்டிருக்கும். தடித்த கம்பி என்பதால் இழுவையை மட்டுமல்லாமல் அமுக்கத்தையும் ஓரளவு தாங்கும். திருகி இறுக்க எதுவும் இல்லை; தளரவும் எதுவும் இல்லை. தோற்றால் வெல்டு விரிசல் விட்டுத் தோற்கும்.

இரண்டாவது இனம் சைக்கிள் பாணியில் பின்னிய சக்கரம். ரட்ஜ்-விட்வொர்த், டன்லப், மிலானின் பொரானி, அமெரிக்காவின் டேட்டன் எல்லாம் இந்த வகை. மெல்லிய கம்பி, நிப்பிள், பெரும்பாலும் நடுவில் ஒரே ஒரு இறக்கை நட்டு. இது தோற்கும் விதமும் பராமரிக்கும் விதமும் முற்றிலும் வேறு. ஒன்றுக்கான அறிவுரையை மற்றதற்குப் பொருத்தினால் கெடுதல்தான்.

ராட்காரர்கள் தேடும் ஃபோர்டு சக்கரங்களின் அளவை ஆண்டை வைத்தே சொல்லிவிடலாம். 1928-29க்கு 21 அங்குலம், டயர் 4.50-21. 1930-31க்கு 19 அங்குலம், 4.75-19. 1932க்கு 18. 1933-34க்கு 17, டயர் 5.50-17. 1935க்கு 16 அங்குலம், 6.00-16. விட்டம் குறையக் குறையக் கம்பியின் நீளம் குறைகிறது, ரிம் அகலமாகிறது; 1935 சக்கரத்தின் ரிம் 4 அங்குல அகலம். குட்டைக் கம்பி வளைவதற்கு இடம் குறைவு. ராட்டுக்கு 1935 சக்கரமும், கெல்சி-ஹேய்ஸ் செய்த 16 அங்குல வளைகம்பிச் சக்கரமும் அதிகம் விரும்பப்படுவதில் அழகுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இதற்கும் உண்டு. 1936இல் ஃபோர்டே கம்பியைக் கைவிட்டுத் தகட்டுச் சக்கரத்துக்கு மாறியது.

டயர்தான் ஃபியூஸ்

சக்கரத்தின் மேல் எவ்வளவு விசை ஏறும் என்பதை டயர்தான் தீர்மானிக்கிறது. ஒரு டன் எடையுள்ள ரோட்ஸ்டரை, அதாவது திறந்த காரை, எடுத்துக்கொள்வோம். பின்சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் 300 கிலோ. பழைய பாணி பயாஸ் டயர், நம்மூர் லாரிக்காரர்கள் நைலான் டயர் என்கிற இனம். அதன் பிடிமானக் கெழுவை 0.7 என்று வைத்தால், ஹப்பிலிருந்து தரைவரை 0.36 மீட்டர் ஆரத்துக்கு ஒரு சக்கரம் வாங்கக்கூடிய திருப்புவிசை சுமார் 740 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் எஞ்சின் எவ்வளவு கொடுத்தாலும் டயர் வழுக்கிச் சுழலுமே தவிர கம்பிக்குப் போய்ச் சேராது. 160 குதிரையானாலும் 300 குதிரையானாலும் கம்பி காண்பது அதே 740தான்.

வளைவில் கதை வேறு. மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்கிறது, விசை சக்கரத்தின் தளத்திலேயே போகிறது. கார் சாய்வதில்லை. வெளிப்பக்க முன்சக்கரத்தின் மேல் 400 கிலோ ஏறுகிறது என்றால் அதே பயாஸ் டயரில் பக்கவாட்டு விசை ஏறத்தாழ 2,750 நியூட்டன். சக்கரத்தின் நடுவை மடக்கப் பார்க்கும் திருப்புவிசை 990 நியூட்டன் மீட்டர். அந்த டயரைக் கழற்றிவிட்டு 0.9 பிடிமானமுள்ள அகல ரேடியலைப் போடுங்கள். அதே கணக்கு 1,270 ஆகிறது. 1.28 மடங்கு, கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுதல்.

முப்பது சதவீதம்தானே என்று தோன்றும். வெல்டு மூட்டின் ஆயுள், அதன் மேல் ஏறும் தகைவின் மும்மடிக்கு எதிராகக் குறையும் என்பது பொறியாளர்கள் கையாளும் பொதுக் கணக்கு. அந்தக் கணக்குப்படி 1.28ஐ மூன்று முறை பெருக்கினால் 2.1. ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. சுழற்சிகளுக்கும் பஞ்சமில்லை. 6.00-16 டயரின் விட்டம் சுமார் 71 சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 450 சுற்று. பத்தாயிரம் கிலோமீட்டரில் ஒவ்வொரு கம்பியும் 45 லட்சம் முறை சுமை ஏறி இறங்குகிறது. உலோகச் சோர்வு என்பது இதுதான். ஒரே அடியில் முறிவது அரிது; மயிரிழை விரிசல் தினம் கொஞ்சம் வளர்கிறது.

பழைய வெல்டுச் சக்கரத்தில் அகல ரேடியல் போடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்; பழமைப் பற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. குறுகிய பயாஸ் டயர் மின்பெட்டியிலிருக்கும் ஃபியூஸ் மாதிரி. வழுக்க வேண்டிய நேரத்தில் அது முதலில் வழுக்கிச் சக்கரத்தைக் காப்பாற்றும். ரேடியல்தான் வேண்டும் என்றால் அதற்கென்று புதிதாகச் செய்த 15 அல்லது 16 அங்குலக் கம்பிச் சக்கரத்தை வாங்குவது நேர்மையான வழி.

முதுகுக்கு முட்டு

இனி சொல்வதுதான் அதிகம் கவனிக்கப்படாத விஷயம். என்னைக் கேட்டால், நல்ல நிலையில் உள்ள ஃபோர்டு கம்பிச் சக்கரங்கள் ராட்டில் ஏறிய பிறகு விரிசல் விடுவதற்கு முதல் காரணமும் இதுதான்.

ஃபோர்டு 1938 வரை பிரேக்கைக் கம்பி, நெம்புகோல் கொண்டே இயக்கியது. ஹைட்ராலிக் பிரேக் 1939இல் வந்தது. ராட்காரர்கள் விரும்புவது 1940-48 பிரேக்கை. 1936-39 டிரம்களில் ஐந்து போல்ட்டுகள் 10¼ அங்குல வட்டத்தில் பரந்து கிடக்கும். 1940இல் அது மறுபடி 5½ அங்குல வட்டத்துக்கு வந்தது, பழைய கம்பிச் சக்கரத்தின் துளை வட்டமும் அதுவே. சக்கரம் ஸ்டட்டில், அதாவது டிரம்மிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைத்தண்டில், ஏறுகிறது, நட்டு இறுகுகிறது, எல்லாம் சரி என்று தோன்றுகிறது.

சரியில்லை. கம்பிச் சக்கரத்தின் நடுக் கிண்ணம் தகட்டை அழுத்தி வடித்தது. பழைய டிரம்மின் முகம் அந்தக் கிண்ணத்தின் வெளி விளிம்பை வட்டம் முழுவதும் தாங்கும்படி அமைந்திருந்தது. சக்கரத்தை மடக்கப் பார்க்கும் விசையை அந்த வெளி விளிம்புதான் டிரம்முக்குக் கடத்தும். பின்னால் வந்த டிரம்மில் அந்த முட்டு இல்லை. நட்டுகள் இறுகும்போது கிண்ணத்தின் நடுப்பகுதி உள்ளே இழுபடுகிறது, விளிம்பு அந்தரத்தில் நிற்கிறது. ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் தகடு முன்னும் பின்னும் நெளிகிறது. முதல் அறிகுறி, இறுக்கிய நட்டு திரும்பத் திரும்பத் தளர்வது. அடுத்தது நட்டுத் துளையைச் சுற்றி நட்சத்திரமாக விரிசல். அதன் பிறகு துளை முட்டை வடிவமாகும்.

இதற்குத் தீர்வு டிரம்முக்கும் சக்கரத்துக்கும் நடுவில் போடும் இரும்பு வளையம். இந்த வேலைக்கென்றே செய்து விற்கிறார்கள். வளையம் வாங்கிப் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். டிரம்மும் சக்கரமும் எந்தெந்த ஆண்டு என்பதைப் பொறுத்துத் தேவையான தடிமன் மாறும். சோதிப்பது எளிது. டயர் இல்லாத வெறும் சக்கரத்தின் பின் விளிம்பில் மார்க்கிங் நீலத்தையோ மெல்லிய ஈரப் பெயின்டையோ தடவுங்கள். சக்கரத்தை ஏற்றி நட்டுகளைக் கையால் மட்டும் முட்டவிட்டுக் கழற்றுங்கள். வளையத்தில் முழு வட்டமாகத் தடம் விழ வேண்டும். தடம் விட்டுவிட்டு விழுந்தாலோ, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் உள்ளே நுழைந்தாலோ வளையத்தின் தடிமன் போதாது. வளையம் தடிமனாகிவிட்டால் எதிர்ச் சிக்கல்: விளிம்பு முட்டிக்கொண்டு நடுப்பகுதி டிரம்மில் உட்காராது, ஸ்டட்டிலும் நட்டுக்குப் பிடிக்கப் போதிய மரை இருக்காது. அரை அங்குல ஸ்டட்டில் நட்டு குறைந்தது அதன் விட்டத்தின் அளவாவது, அதாவது அங்குலத்துக்கு 20 மரையுள்ள ஸ்டட்டில் பத்துச் சுற்றாவது, முழு மரையில் ஏற வேண்டும் என்பது கடைப்பிடிக்கத்தக்க எல்லை. ஏறவில்லையென்றால் நீள ஸ்டட்.

சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்துவதற்காக மட்டும் அலுமினிய ஸ்பேசர் போடுகிறவர்கள் உண்டு. அதைப் பற்றி எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

வாங்கும் முன் பார்ப்பது

பழைய சக்கரத்தைப் பெயின்டோடு வாங்காதீர்கள். பெயின்டோடுதான் கிடைக்கிறது என்றால் விலையில் பாதியைச் சோதனைக்கு ஒதுக்கிவிடுங்கள். முதலில் டயர், டியூப் எல்லாம் கழற்றி ரிம்மின் உள்பள்ளத்தைப் பாருங்கள். தண்ணீர் தங்கி அரிப்பது அங்கேதான். பல் குத்தும் ஊசியால் துருக்குழியைக் குத்திப் பாருங்கள். குழி ஒரு மில்லிமீட்டர் ஆழம் போனால் அந்த ரிம்மைச் சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம், சுவரில் மாட்டலாம். டயரின் விளிம்பு உட்காரும் உதட்டில் நசுங்கல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பிறகு ஒவ்வொரு கம்பியையும் சின்ன ஸ்பேனரால் தட்ட வேண்டும். நல்ல வெல்டு மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் விட்டது 'தொட்' என்று சாவும். காதை நம்பலாம், காதை மட்டும் நம்பக் கூடாது. மணல் வீச்சில் பெயின்டை எடுத்துவிட்டு, கம்பி ரிம்மைச் சேரும் இடம், கிண்ணத்தைச் சேரும் இடம், ஐந்து நட்டுத் துளை ஆகிய மூன்றிலும் சாயம் ஊடுருவும் சோதனையோ காந்தத்துகள் சோதனையோ செய்யுங்கள். நான்கு சக்கரத்துக்கு ஒரு நாள் வேலைதான். மணல் வீச்சைக் கடுமையாக அடித்தால் இரும்பு நசுங்கி விரிசலின் வாயை மூடிவிடும், சாயம் உள்ளே போகாது. மென்மையான வீச்சும் ரசாயனத்தில் பெயின்ட் நீக்குவதும் நல்லது.

விரிசலைக் கண்டால் மேலே வெல்டு போட்டுவிடலாமா? ஒரு கம்பியில் மட்டும், சோர்வினால் இல்லாமல் பழைய வெல்டின் குறையால் விட்டிருந்தால், தெரிந்தவர் கையில் சரியாகலாம். அடுத்தடுத்து இரண்டு மூன்று விட்டிருந்தால் மீதியும் அதே வயதில்தான் இருக்கின்றன. நட்டுத் துளையில் விட்ட விரிசலுக்கு மருந்தில்லை.

ஆட்டத்தை அளக்க, சக்கரத்தை அதன் சொந்த டிரம்மில் ஏற்றி நுண்ணிய அசைவை ஊசியால் காட்டும் டயல் கேஜை ரிம்மின் உதட்டில் வையுங்கள். மேலும் கீழும், பக்கவாட்டிலும் 1.5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஓட்டலாம். கூடினால் பெண்டு எடுக்க வேண்டும். நிப்பிள் இல்லாத சக்கரத்தில் அதைச் செய்யும் வழி முரட்டுத்தனமாகத் தெரியும். கிண்ணத்தைத் தாங்கியில் இறுக்கிக் கட்டிவிட்டு, ஜாக்கியோ நீள நெம்புகோலோ கொண்டு ரிம்மைத் தள்ளி, தேவையான கம்பிகளைத் துளி வில்லாக வளைத்துக் கொண்டுவருகிறார்கள். வளைந்த கம்பி சற்றே குட்டையாகும், ரிம் அந்தப் பக்கம் இழுபடும். கொஞ்சம் தள்ளி, விட்டு, அளந்து, மறுபடி கொஞ்சம். நெருப்பு காட்டவே கூடாது. வேலை முடிந்ததும் வெல்டுகளை இன்னொரு முறை சோதிக்க வேண்டும்.

பவுடர் கோட்டிங் பார்க்க அழகுதான். அது தடிமனான பூச்சு. நட்டு உட்காரும் சரிவிலும், டிரம்மில் முட்டும் முகத்திலும் அது இருந்தால் ஓட்டத்தில் நசுங்கி நட்டின் இறுக்கத்தைத் தின்றுவிடும். அந்த இடங்களை மறைத்துப் பூச வேண்டும், மறந்திருந்தால் சுரண்ட வேண்டும். குரோம் முலாம் இன்னும் ஆபத்தானது. முலாம் தொட்டியின் அமிலம் கிண்ணத்தின் மடிப்புக்குள் போய்த் தங்கி உள்ளிருந்து அரிக்கும். பின்னிய சக்கரத்தின் கடினமான எஃகுக் கம்பிக்கு முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே இறங்கிக் கம்பியை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவரும். பூசிய சில மணி நேரத்துக்குள் 190 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் சூளையில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். பூசித் தருபவரிடம் இதைக் கேளுங்கள். அவர் விழித்தால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்னிய சக்கரம்

பின்னிய சக்கரத்தில் காரின் எடை மேல் கம்பிகளில் தொங்குகிறது என்று நினைப்பது வழக்கம். நடப்பது வேறு. எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே இழுத்துக் கட்டப்பட்டவை. சுமை ஏறும்போது தரைக்கு நேரான சில கம்பிகளின் இழுவை குறைகிறது, மற்றவற்றில் பெரிய மாற்றமில்லை. அடியில் வரும் கம்பியின் இழுவை பூஜ்யத்தைத் தொடாதவரை சக்கரம் விறைப்பாக நிற்கும். தொட்டுவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கம்பி தளர்ந்து சொடுக்கி இறுகும். தலைப்பக்க வளைவிலோ மரையின் அடியிலோ முறியும். ஆகவே இங்கே கம்பி முறிவதற்குப் பெரும்பாலான காரணம் அது தளர்வாக இருப்பதுதான், இறுக்கமாக இருப்பது அல்ல. ஒரு கம்பி முறிந்தால் மாற்றலாம். பக்கத்துப் பக்கத்தில் மூன்று முறிந்திருந்தால் அதன் சுமையைச் சுமந்த அண்டைக் கம்பிகளும் களைத்திருக்கும். முழுவதும் பிரித்துப் பின்னுவதே சரி. பின்னும்போது ஒரே மூச்சில் இறுக்காமல் கால் சுற்று, கால் சுற்றாக வட்டம் முழுவதும் போய்வர வேண்டும். ரிம் ஹப்பின் பின்முகத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதைப் பிரிக்கும் முன்பே அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முதல் 150, 200 கிலோமீட்டரில் ஒரு முறை தட்டிப் பார்த்துத் தளர்ந்ததை இறுக்க வேண்டும்.

கம்பியின் எண்ணிக்கையும் பேசும். ஜாகுவார் எக்ஸ்கே 120க்கு 54 கம்பி, இ-டைப்புக்கு 72. வேகமும் பிடிமானமும் ஏற ஏறக் கம்பி கூடியது. ராட்டுக்கு வாங்குவதானால் 60க்குக் கீழே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நடு நட்டு உள்ள ஹப்புகளில் இடதுபுறச் சக்கரத்துக்கு வலத்திருகு மரை, வலதுபுறத்துக்கு இடத்திருகு. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது நட்டின் கூம்பு சக்கரத்தின் கூம்புக்குள் மெல்ல உருண்டு தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும்படியான ஏற்பாடு அது. பழைய அச்சு வாங்கிப் பூட்டும்போது ஹப்புகளை இடம் மாற்றிவிட்டால் அதே உருளல் நட்டைக் கழற்றிவிடும், சக்கரம் காரை முந்திக்கொண்டு போகும். பூட்டும் முன், ஹப்பும் சக்கரமும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பல்வரிகளைப் பாருங்கள். பல்லின் முகடு கத்திமுனை மாதிரி கூர்ந்திருந்தால் ஹப்பும் சக்கரமும் இரண்டுமே மாற்ற வேண்டியவை. பிரேக் போடும்போதும் விடும்போதும் 'டக்' என்று ஒலி வந்தால் பல் தேய்ந்திருக்கிறது. பல்வரிக்கும் கூம்புக்கும் மெல்லிய கிரீஸ் தேவை. உலர்ந்து போனால் ஒன்றையொன்று அரைக்கும். நட்டை அடிக்க ஈயம் அல்லது செம்பு சுத்தியல்.

நிப்பிள் துளைகள் ரிம்மைத் துளைத்துப் போவதால் டியூப் கட்டாயம். கம்பியின் நுனி நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அரைத்துச் சமமாக்கி, மேலே ரப்பர் பிளாப் போட வேண்டும். பழைய ஃபோர்டு சக்கரத்துக்கும் டியூப்தான். அந்தக் கால ரிம்மில் டயர் விளிம்பை இடத்தில் பிடித்துவைக்கும் மேடு கிடையாது. ரேடியலுக்குள் போடுவதானால் ரேடியலுக்கென்று செய்த டியூப், ஏனென்றால் அதன் பக்கச்சுவர் அதிகம் நெளியும். சாதாரண டியூப் உரசிக் கிழியும்.

பேலன்சிங் செய்யும்போது ஃபோர்டு சக்கரத்தை நடுத்துளையில் கூம்பு வைத்துப் பிடித்தால் கணக்கு தப்பும். ஐந்து நட்டுத் துளைகளில் பிடிக்கும் அடாப்டர் வேண்டும், சாலையில் அது மையம் கொள்வது அந்தத் துளைகளில்தான். நட்டு உட்காரும் சரிவுக்குப் பொருந்தும் அகன்ற நட்டையே போட வேண்டும். கடையில் கிடைக்கும் சின்னத் தலை நட்டு துளையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும். நட்சத்திர வரிசையில், இரண்டு கட்டமாக, சுமார் 65 அடி-பவுண்டு. காற்றழுத்தத் துப்பாக்கியால் அடித்து இறுக்கினால் தகட்டுக் கிண்ணம் குழியும். முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை டார்க் ரெஞ்ச் வையுங்கள், 200இல் இன்னொரு முறை. இரண்டாவது முறையும் நட்டு நகர்ந்தால் மேலும் இறுக்காமல் சக்கரத்தைக் கழற்றி, பின் விளிம்பில் நீலத்தைத் தடவி, அந்த வளையத்தின் தடத்தை மறுபடி பாருங்கள்.